இரண்டு ஊழியங்கள்

தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஒருவரைப் பற்றி 'ஊழியத்துக்கு வந்துவிட்டார்' என்றால், அவர் வேறு பிழைப்பை விட்டு இறைப்பணிக்கு வந்துவிட்டார் என்று பொருள். இருநூறு ஆண்டுகளுக்கு முன் தென் திருவிதாங்கூரில், அதாவது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், அதே சொல்லைக் கேட்டால் ஏழைகளுக்கு வயிறு கலங்கும். அங்கே ஊழியம் என்பது அரசுக்கும் கோயிலுக்கும் கூலியின்றிச் செய்து தீர வேண்டிய வேலை. சுமை தூக்குவதும், உணவு வழங்கும் ஊட்டுப்புரைகளுக்குப் பொருள் கொண்டு சேர்ப்பதும் அதில் அடங்கும். பனையேறி வாழ்ந்த நாடார்களும் அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்ட சாதியினரும் இந்தச் சுமையைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தார்கள். 1806இல் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானிய மிஷனரி மயிலாடிக்கு வந்தபின் அவர்களில் பலர் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்களானபோது, ஒரே சொல் இரண்டு எஜமானர்களுக்கு உரியதாயிற்று. கடவுளுக்கு உண்மையாய் ஊழியம் செய்வது எது, கலகம் செய்வது எது என்ற கேள்விக்கு அந்த மண்ணின் வரலாறு ஒரு தெளிவான விடை வைத்திருக்கிறது.

முதல் உரசல் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியது. கர்னல் மன்றோ பிரிட்டிஷ் பிரதிநிதியான ரெசிடெண்டாக இருந்த காலத்தில், ஓய்வுநாளில் வேதக்காரர்களை ஊழியத்துக்கு இழுக்கக் கூடாது, கோயில் சார்ந்த வேலைக்கு அவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற சலுகை கிடைத்தது. அந்தச் சலுகையின் அளவைக் கவனிக்க வேண்டும். மற்ற ஆறு நாளும் பழைய சுமை பழையபடியே இருந்தது. வாரத்தில் ஒரு நாள் மட்டும் வேறொருவருக்கு உரியது என்பதே அதன் சாரம். ஆனால் உழைப்பு முழுவதும் தனக்கே சொந்தம் என்று பழகிவிட்ட அதிகாரத்துக்கு அந்த ஒரு நாளே எல்லை மீறலாகப்பட்டது. யாத்திராகமத்தில் மோசேயும் முதலில் கேட்டது மூன்று நாள் பயணம்தான். பார்வோன் அதைச் சோம்பல் என்றான். எபிரெய மொழியில் அடிமை வேலைக்கும் ஆராதனைக்கும் வேர்ச்சொல் ஒன்றே. எகிப்தில் நடந்த வழக்கும் யாருடைய ஊழியம் என்பதுதான்.

இரண்டாவது உரசல் உடையில் வந்தது. உயர்சாதியார் முன் மார்பை மறைக்காமல் நிற்பதே கீழ்ச்சாதிப் பெண் காட்ட வேண்டிய மரியாதை என்பது அன்றைய வழக்கம். வேதத்தில் சேர்ந்த பெண்கள் சிரியன் கிறிஸ்தவப் பெண்களைப் போலக் குப்பாயம் அணியலாம் என்று மன்றோ காலத்திலேயே அனுமதி பிறந்தது. குப்பாயம் என்பது கழுத்தும் கையும் வைத்துத் தைத்த தளர்வான ஒரு சட்டை. மிஷனரிகளின் மனைவியர் அதைத் தைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பெண்கள் அதோடு நிற்கவில்லை. அதன் மேல் உயர்சாதிப் பெண்களைப் போலத் தோள்சீலையும் போட்டார்கள். சந்தையிலும் தெருவிலும் சீலைகள் கிழிக்கப்பட்டன, வேதக்கோயில்கள் தீக்கிரையாயின. 1829 பிப்ரவரியில் வந்த அரசாணை தோள்சீலையைத் தடைசெய்தது. அனுமதியின்றி வேதக்கோயில் கட்டக் கூடாது என்றும் சொன்னது. 1858 முடிவில் கலவரம் மீண்டும் மூண்டது. 1859 ஜூலை 26இல் வெளியான ஆணை நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களின் பாணியில் கூடாது என்றது. மறைப்பதை அனுமதித்து, மறைக்கும் பாணியை மறுத்த அந்த ஒரு வரியே, சண்டை துணியைப் பற்றியதல்ல என்பதைக் காட்டிவிடுகிறது.

இந்த நிகழ்ச்சிக்கு 'தோள்சீலைக் கலகம்' என்ற பெயர் நிலைத்தது. அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லி ரோமர் நிருபத்தின் 13ஆம் அதிகாரம் இருக்கும்போது இது கலகம்தானே என்று பக்தியுள்ளவர்களே கேட்கலாம். வேதம் எதைக் கலகம் என்கிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும். பழைய தமிழ் வேதாகமம் அதற்கு 'இரண்டகம்' என்ற சொல்லை ஆள்கிறது. தீர்க்கதரிசி சாமுவேல் அந்தச் சொல்லால் கண்டித்தது சிம்மாசனத்தில் இருந்த சவுலை. சவுல் பலி செலுத்த மறுத்தவனல்ல. கடவுள் அழிக்கச் சொன்ன ஆடுமாடுகளில் சிறந்தவற்றைப் பலிக்கென்றே தப்பவிட்டதாகச் சொன்னவன். சொன்னதைச் செய்யாமல், செய்யாததைப் பக்தியால் மூடினான். அப்படியானால் இரண்டகத்தின் அடையாளம் அரசனை எதிர்ப்பதில் இல்லை. கடவுளுக்குரியதை எடுத்துக்கொண்டு அதற்குப் பக்தி என்று பெயர் வைப்பதில் இருக்கிறது. மனிதரைவிடக் கடவுளுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்று ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்று சொன்ன அப்போஸ்தலர்களும் அடியை வாங்கிக்கொண்டு போனார்களே தவிர வாளை எடுக்கவில்லை. தென் திருவிதாங்கூர்ச் சபையும் பெரும்பாலும் மனு எழுதியது, வழக்காடியது, காத்திருந்தது.

இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்றுண்டு. அவர்கள் தேடியது கிறிஸ்துவை அல்ல, வெள்ளைக்காரரின் நிழலை என்பது. அதில் உண்மை இல்லாமலில்லை. மிஷனரி சார்லஸ் மீட் நாகர்கோவில் நீதிமன்றத்தில் சில காலம் நீதிபதியாகவே இருந்தார். அப்படிப்பட்ட இடத்தில் மதமும் பாதுகாப்பும் ஒரே வாசலில் கிடைத்தன. மானத்துக்கான தாகம் வேதக்காரர்களுக்கு மட்டும் உரியதும் அல்ல. அதே காலத்தில் சாமித்தோப்பில், வேதத்தில் சேராத சமயத் தலைவரான வைகுண்டர் தம் மக்களைத் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நிற்கச் சொன்னார். ஆனால் நிழலை மட்டும் தேடியவர்கள் நிழல் விலகியதும் போயிருக்க வேண்டும். 1829இல் அரசாணை எதிராகத் திரும்பிய பின்னும் சபை கலையவில்லை; பெண்கள் சீலையைக் கழற்றி வைத்துவிடவும் இல்லை. பாதுகாப்புக்காக வந்தவர்கள் பலராகவே இருக்கட்டும். வந்த காரணத்தைவிட நின்ற காரணமே விசுவாசத்துக்குச் சாட்சி.

ஆனால் இந்த அளவுகோல் சபையின் பக்கமும் திரும்பியாக வேண்டும். திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855இல்தான் சட்டப்படி ஒழிந்தது. அதற்கு முன்பே நாகர்கோவில் மிஷன் பள்ளியில் ரேந்தை (லேஸ்) பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்து அடிமைப் பெண்கள் சிலர் தங்களை மீட்டுக்கொண்டார்கள். அது சபையின் பெருமை. ஆனால் தனக்கு மேலே இருந்தவர்களிடம் மானத்தைக் கேட்டு வென்ற அதே சபை, தனக்குக் கீழே வைக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்த விசுவாசிகளைப் பக்கத்தில் உட்காரவைக்கத் தயங்கியது. அரசாணையை மீறித் தோள்சீலை அணிந்ததை இரண்டகம் என்று வேதத்தின் கணக்கில் எழுத முடியாது. ஞாயிறுதோறும் பாடி, ஜெபித்து, காணிக்கையும் போட்டுவிட்டு, பந்தியில் சாதி பார்த்ததை எழுத முடியும்; அது சவுலின் பாவம். 1956இல் அந்த மண் தமிழகத்தோடு சேர்ந்தது. கூலியில்லாத ஊழியம் அதற்கு வெகுமுன்பே போய்விட்டது. இப்போது அங்கே ஊழியம் என்ற சொல்லுக்கு ஒரே எஜமானர்தான். அவருக்கு உரியதில் சாதிக்கென்று ஒரு பங்கை ஒதுக்காத நாளில்தான் அந்தச் சொல் முழுமையாக அவருடையதாகும்.