இறக்காத நரம்பணுவும் கற்காத எலியும்: 1990ஆம் ஆண்டு ஆய்வொன்றின் மறுவாசிப்பு

பிஞ்சுப் பருவத்தில் உடலில் ஏறும் ஆல்கஹால் மூளையை எப்படிக் கெடுக்கிறது என்ற விவாதத்தில் ஒரு கருத்து ஏறத்தாழ வாய்பாடாகிவிட்டது: கேட்டைத் தீர்மானிப்பது கொடுத்த மொத்த அளவு அல்ல, இரத்தத்தில் எட்டிய உச்ச அளவு. இதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இதிலிருந்து, உச்சம் தாழ்ந்திருந்தால் கற்றலுக்கும் நினைவுக்கும் பழுதில்லை என்று சிலர் தாவுகிறார்கள். அந்தத் தாவலுக்கு இடமில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தாவலுக்கு மூலமாகக் காட்டப்படுவது பான்தியஸும் வெஸ்டும் 1990இல் வெளியிட்ட ஆய்வு. வெதுவெதுப்பான நீரில் மிதக்கும் பிளாஸ்டிக் கோப்பைகளில் எலிக்குட்டிகள் கிடக்கும். இரைப்பைக்குள் செருகிய நுண்குழாய் வழியே நாளொன்றுக்கு 12 முறை பம்பு பால் செலுத்தும். பிறந்த 4ஆம் நாள் முதல் 9ஆம் நாள் வரை இந்தப் பாலில் ஆல்கஹால் கலக்கப்பட்டது. ஒரு குழுவுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 6.6 கிராம், 12 வேளைக்கும் சமமாகப் பிரித்து. மற்ற இரு குழுக்களுக்கு அதைவிடக் குறைவாக 4.5 கிராம்தான், ஆனால் ஒன்றுக்கு நான்கு வேளையில், இன்னொன்றுக்கு இரண்டே வேளையில். 100 மி.லி. இரத்தத்தில் உச்ச அளவு முறையே சுமார் 40, 190, 360 மில்லிகிராம். குறைவாகப் பெற்றும் அதைச் சில வேளைகளில் குவித்துப் பெற்ற குட்டிகளின் மூளை எடை குறைந்தது, நரம்பணுக்கள் அழிந்தன. கூடுதலாக, ஆனால் பரவலாகப் பெற்ற குட்டிகளில் குறிப்பிடத்தக்க இழப்பு தென்படவில்லை.

'தென்படவில்லை' என்ற சொல்லில்தான் சிக்கல். அந்த மூளைகள் எடுக்கப்பட்டது 10ஆம் நாள். எலிக்குட்டி கண் திறப்பதே ஏறத்தாழ 15ஆம் நாளில். அந்தக் குட்டிகளில் ஒன்றும் நீருக்குள் மறைந்த மேடையைத் தேடும் நீர்ப்புதிரில் நீந்தியதில்லை, ஓர் ஒலியையும் அதிர்ச்சியையும் இணைத்துக் கற்றதில்லை. ஆய்வாளர்கள் எண்ணியது அணுக்களை. அந்த வேலையை அவர்கள் நேர்த்தியாகவே செய்தார்கள். கண் திறக்குமுன் இறந்த விலங்கின் மூளையை வைத்து நினைவாற்றலுக்கு நற்சான்று வழங்கியது பின்னால் வந்த வாசிப்பு.

அந்த '40'ஐயும் சற்று நின்று பார்க்க வேண்டும். துவாக்குடி வழியாகத் தஞ்சைக்குப் போகும் நெடுஞ்சாலையில் வண்டியோட்டியை மடக்கி ஊதச் சொன்னால், 100 மி.லி. இரத்தத்துக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினாலே மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு பாயும். வளர்ந்தவரின் கைக்கும் கண்ணுக்கும் சட்டம் ஒப்பாத அளவை, நரம்பிணைப்புகள் பின்னப்பட்டுக்கொண்டிருக்கும் மூளைக்குத் 'தாழ்வு' என்று எப்படி எழுதுகிறோம்? ஓட்டுநரும் எலிக்குட்டியும் ஒன்றல்ல. இந்த ஒப்பீடு எதையும் நிறுவாது என்பதை அறிவேன். ஆனாலும் 'தாழ்வு' என்ற சொல்லின் மீது ஐயம் கொள்ள இது போதும்.

அணு இறப்புக்கான வரம்பும் நிலையாக நிற்கவில்லை. 2000இல் இகோனோமிடோவும் குழுவினரும் 7 நாள் எலிக்குட்டிகளில் காட்டிய வரம்பு, 200 மில்லிகிராமுக்கு மேல் நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல். 2006இல் யங்கும் ஓல்னியும் சுண்டெலிக்குட்டிகளில் ஏறத்தாழ 50 மில்லிகிராம் அரை மணி முதல் முக்கால் மணி வரை நீடித்தாலே அணுக்கள் தற்சிதைவுக்கு உள்ளாவதைக் கண்டனர். இனம் வேறு, அளவீடு வேறு. ஆயினும் வரம்பு கீழிறங்கும் திசை தெளிவு.

அணு இறக்காமலே நினைவு பழுதாகுமா? ஆகும் என்றே கருதுகிறேன். சதர்லாந்து, மெக்டொனால்டு, சாவேஜ் மூவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், கருவுற்ற தாய் எலிகளுக்கு மிதமான அளவே கொடுக்கப்பட்டது. ஆனால் குட்டிகள் வளர்ந்த பின்னும், நினைவுக்கு இன்றியமையாத மூளைப்பகுதியான ஹிப்போகாம்பஸில் நரம்பிணைப்பு வலுப்பெறும் திறன் குன்றியிருந்தது. இத்தகைய எலிகள் மேடை ஒரே இடத்தில் இருக்கும் எளிய நீர்ப்புதிரில் மற்றவற்றைப் போலவே கற்கின்றன. மேடையை இடம் மாற்றினால் தடுமாறுகின்றன. இவை கருவறையிலேயே ஆல்கஹாலுக்கு உட்பட்டவை, பான்தியஸின் குட்டிகள் பிறந்த பின். காலம் வேறு என்பதை ஒப்புகிறேன். ஆனால் எளிய தேர்வில் தேறியது பழுதின்மைக்குச் சான்றல்ல என்பது இரண்டுக்கும் பொது.

கோப்பையில் வளர்த்ததே கேடு என்பாருக்கு: ஆல்கஹாலுக்குப் பதில் அதே கலோரியுள்ள மாவுச்சத்து பெற்ற குட்டிகளும் அதே கோப்பைகளில்தான் வளர்ந்தன. எலியின் ஈரல் வேறு என்பாருக்கு: அதனால்தான் கொடுத்த அளவை விட்டு இரத்த அளவைப் பேசுகிறோம். நீர்ப்புதிரில் தடுமாறுவது நினைவுக் கேட்டால் அல்ல, உடலசைவை ஒழுங்குபடுத்தும் சிறுமூளை கெட்டு நீந்த முடியாததால்தான் என்ற தடை மட்டுமே கனமானது. அதற்கு விடை நீரில் இல்லை, அச்சக் கற்றலில் உண்டு. பிறந்த சில நாள்களில் ஆல்கஹால் பெற்ற எலிகள், ஒலி முடியும்போதே அதிர்ச்சி வந்தால் இணைத்துக் கற்கின்றன. இரண்டுக்கும் நடுவே சில நொடி இடைவெளி விட்டால் தவறுகின்றன. ஒலியும் அதே, அதிர்ச்சியும் அதே, கால்களும் அவையே. கூடுதலாகக் கேட்கப்படுவது, அந்தச் சில நொடி ஒலியை மனத்தில் வைத்திருப்பது மட்டுமே.

சளிக்கு ஒரு சொட்டு பிராந்தி குழந்தை நாக்கில் தடவும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் முற்றாக மறையவில்லை. ஒரு சொட்டு இரத்தத்தில் எவ்வளவு ஏற்றும் என்பது தனிக் கேள்வி. ஆனால் '1990இலேயே பாதிப்பில்லை என்று காட்டிவிட்டார்கள்' என்று அந்த வீட்டாருக்கு எவரேனும் சொன்னால், அந்த ஆய்வு அப்படி எதையும் காட்டவில்லை. நம் ஆய்வேடுகளும் நிலையான மேடையில் ஒரு வாரம் நீந்தவிட்டு 'கற்றலில் வேறுபாடில்லை' என்று முடிப்பதற்கு முன், அதே எலிகளுக்கு மேடையை ஒருமுறையாவது இடம் மாற்றிப் பார்த்திருக்க வேண்டும்.