தாத்தா டிராக்டருக்கு செகண்ட் ஹேண்ட் ரோட்டாவேட்டர்... அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் பாருங்க!

தாத்தா ஓட்டின 35 ஹெச்.பி டிராக்டர் இன்னும் நல்லா ஓடுதா? அதுக்குப் பழைய ரோட்டாவேட்டர் தேடுறீங்கன்னா, விலையைவிட அளவுதான் முக்கியம்.

முதல்ல அகலம். 35 ஹெச்.பி-க்கு 5 அடி போதும். சல்லிசா கிடைக்குதேன்னு 6 அடி வாங்கினா இன்ஜின் திணறும். வயசான இன்ஜின்ல ஆர்.சி புக்ல இருக்கிற பவர் முழுசா இருக்காது பாஸ்!

அடுத்து, கீழ் லிங்க் பின். சின்ன சைஸ் 22 மி.மீ, பெரிய சைஸ் 28 மி.மீ. உங்க டிராக்டர் ஓட்டை பெருசா இருந்தா புஷ் போட்டுச் சமாளிக்கலாம். சின்னதா இருந்தா பின்னையே மாத்தணும். பி.டி.ஓ-வில் 6 ஸ்ப்ளைனா, 21-ஆ என்றும் எண்ணிப் பாருங்க.

பலரும் ஏமாறுவது ஜாயின்ட் ஷாஃப்ட்டில்தான். அது பழைய ஓனரோட டிராக்டருக்கு ஏத்தபடி வெட்டினதா இருக்கும். நீளம் அதிகம்னா, தூக்கும்போது முட்டி பி.டி.ஓ பேரிங்கைக் காலி பண்ணிடும். குறைஞ்சா, சுத்தும்போதே கழண்டு வரும். அதனால உங்க டிராக்டரையே கொண்டுபோய் மாட்டி, பி.டி.ஓ-வை ஆஃப் பண்ணிட்டு, மெதுவா ஏத்தி இறக்கிப் பாருங்க.

பிளேடு தேய்மானம் பெரிய விஷயமில்ல, மாத்திக்கலாம். கியர்பாக்ஸ் ஆயில்ல இரும்புத்தூள் மின்னினா, புது பெயின்ட்டைப் பார்த்து மயங்காம கிளம்பிடுங்க.

ஷாஃப்ட் கவர் இல்லைன்னா விலையைக் குறைச்சுக் கேட்டு, புதுசு வாங்கி மாட்டின பிறகே ஓட்டுங்க. வேட்டி நுனியோ துப்பட்டாவோ சிக்கினா ஆளையே இழுத்துடும்.