திங்கட்கிழமைக் காற்று

என் அப்பிச்சி கோயமுத்தூரில் ஒரு நூற்பாலையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தார். அதில் பாதிக்கு மேல் புளோ ரூமிலும் கார்டிங்கிலும். பேலைப் பிரித்து, பஞ்சை உதறி, தூசு நீக்கி, சீவி எடுக்கும் இடங்கள். மில்லிலேயே மோசமான காற்று அங்கேதான். ஷிப்ட் முடிந்து வந்தால் புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும் என்று அம்மா சொல்வார். சாயந்திரம் ஒரு துண்டு வெல்லம் தின்பார். உள்ளே போன பஞ்சை அது இறக்கிவிடும் என்று மில்லுக்காரர்கள் எல்லோரும் நம்பினார்கள். தொண்டையில் இருப்பதை இறக்கலாம், நுரையீரலுக்குள் போனதை வெல்லம் என்ன செய்யும்?

"திங்கக்கெழமதான் கண்ணு நெஞ்சப் புடிக்கும். வெசாழக்கெழம வந்தாப் பழகிரும்" என்று ஒருமுறை சொன்னார். நான் அப்போது இன்ஜினியரிங் முதல் வருடம். வேலைக்குப் போகப் பிடிக்காமல் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். நானே வேலைக்குப் போய், வேறு எதையோ தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, அவர் சொன்னது ஒரு நோயின் இலக்கணம்.

பெல்ஜியத்தின் கெண்ட் நகரப் பஞ்சாலைத் தொழிலாளர்களை ஆராய்ந்த மாரெஸ்கா, ஹெய்மன் என்ற இரு மருத்துவர்கள் 1845-லேயே இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். வாரக் கடைசியைவிடத் திங்களும் செவ்வாயும்தான் தூசு அதிகம் படுத்துகிறது என்று அந்தத் தொழிலாளர்கள் சொன்னார்கள். 1877-ல் இந்த நோய்க்கு பிசினோசிஸ் என்று பெயர் வைத்தவர் பிரெஞ்சு மருத்துவர் அத்ரியன் புரூஸ்த். நாவலாசிரியர் மார்செல் புரூஸ்தின் அப்பா. மகனோ வாழ்நாள் முழுக்க ஆஸ்துமாவால் மூச்சுக்குத் தவித்தவர்.

ஏன் திங்கட்கிழமை? பஞ்சோடு வரும் இலைத்துணுக்குகளில் பாக்டீரியாக்கள் இருக்கும். அவற்றின் செல்சுவரில் உள்ள எண்டோடாக்சின் என்ற நச்சுதான் முக்கியக் குற்றவாளி என்று இன்று கருதப்படுகிறது. தினமும் பட்டுக்கொண்டே இருந்தால் உடல் ஓரளவு பழகிக்கொள்கிறது. ஒருநாள் லீவு விட்டால் அந்தப் பழக்கம் போய்விடுகிறது. அடுத்த நாள் உள்ளே நுழைந்தால் மறுபடி முதலிலிருந்து. ஓய்வெடுத்ததற்குத் தண்டனை மாதிரி.

இந்த நோய்க்கென்று எக்ஸ்ரேயில் தனி அடையாளம் கிடையாது. கடைசியில் பார்த்தால் சாதாரண நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சி போலத்தான் இருக்கும். 1950-களில் லங்காஷயர் மில்களில் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஷில்லிங் அதனால் கிழமையையே அளவுகோலாக்கினார். வாரத்தின் முதல் நாள் மட்டும் நெஞ்சு இறுக்கம் என்றால் முதல் நிலை. மற்ற நாட்களுக்கும் பரவினால் இரண்டாவது. நுரையீரல் நிரந்தரமாகப் பழுதாகிவிட்டால் மூன்றாவது. எனக்குப் பிடித்த கண்டுபிடிப்புகளில் இது ஒன்று. கருவியே வேண்டாம், ஆளிடம் ஒழுங்காகக் கேள்வி கேட்டால் போதும்.

பஞ்சாலைக் காற்றைப் பற்றி முதலாளிகள் கவலைப்படாமல் இல்லை. கவலை நூலைப் பற்றியது. காற்று வறண்டால் இழை அறுந்துவிடும். லங்காஷயரின் நெசவுக் கூடங்களில் நீராவியையே உள்ளே விட்டார்கள். வெக்கையிலும் ஈரத்திலும் ஆட்கள் வெந்தார்கள். அதற்கு வரம்பு கட்ட 1889-ல் தனிச் சட்டமே வந்தது. 1901-ன் தொழிற்சாலைச் சட்டமோ, பருத்தி நெசவுக்கூடக் காற்றில் பத்தாயிரம் பங்குக்கு ஒன்பது பங்குக்கு மேல் கரியமில வாயு இருக்கக் கூடாது என்றது. இன்றைய கணக்கில் 900 பிபிஎம். எங்கள் ஆபீஸ் மீட்டிங் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு பன்னிரண்டு பேர் ஒரு மணிநேரம் உட்கார்ந்தபோது, நான் வாங்கி வைத்திருந்த சின்ன மீட்டர் 1,900 காட்டியது. மதியம் எல்லோருக்கும் வரும் தலைவலிக்குச் சாம்பாரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஏர் கண்டிஷனிங் என்ற சொல்லே பஞ்சாலையில் பிறந்ததுதான். அமெரிக்காவின் வட கரோலினாவில் மில்களுக்கு ஈரப்பதக் கருவிகள் வடிவமைத்த ஸ்டூவர்ட் கிரேமர் 1906-ல் அதை உண்டாக்கினார். நூலுக்கு ஈரமேற்றிப் பக்குவப்படுத்துவதை அந்தத் தொழிலில் கண்டிஷனிங் என்பார்கள். அதைக் காற்றுக்கு மாற்றினார். அதற்கு நான்கு வருடம் முன்பு, 1902-ல், வில்லிஸ் கேரியர் புரூக்ளினில் வடிவமைத்த கருவியும் ஓர் அச்சகத்தில் காகிதம் சுருங்கி விரியாமலிருக்கத்தான். மனிதர்கள் குளிர்ந்தது இலவச இணைப்பு.

பிரிட்டனில் பிசினோசிஸுக்கு இழப்பீடு 1941-ல் வந்தது. ஆனால் ஆணாக இருக்க வேண்டும், குறிப்பிட்ட பிரிவுகளில் இருபது ஆண்டு வேலை செய்திருக்க வேண்டும், முற்றிலுமாக முடங்கியிருக்க வேண்டும். பஞ்சாலைகளில் பெண்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று தெரிந்தே எழுதிய விதி. அமெரிக்காவில் பஞ்சுத் தூசுக்கு முறையான தரநிலை 1978 வரை காத்திருந்தது. நூற்பில் ஒரு கனமீட்டர் காற்றுக்கு 200 மைக்ரோகிராம். செலவுக்கும் பலனுக்கும் கணக்குப் பார்க்க வேண்டும் என்று ஆலை அதிபர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். அந்தக் கணக்கைச் சட்டம் கேட்கவில்லை என்று 1981-ல் தீர்ப்பு வந்தது.

நம் ஊரிலும் தொழிற்சாலைகள் சட்டத்தின் கீழ் மருத்துவர் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் பிசினோசிஸ் இடம்பெற்றிருந்தது. அதற்கு முதலில் யாராவது அதைக் கண்டுபிடிக்க வேண்டுமே.

அப்பிச்சியை ஷில்லிங்கின் நிலைகளில் வைத்துப் பார்த்தேன். நாற்பது வயதில் திங்கட்கிழமை மட்டும். ரிட்டயர் ஆகும்போது எல்லா நாளும். எழுபதில், வாசல்படி நாலு ஏறினால் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். பார்த்த டாக்டர்கள் எல்லோரும் ஒரு நாளைக்கு எத்தனை பீடி என்று கேட்டார்கள். அவரும் ஒளிக்காமல் சொன்னார். பீடிக்கும் பங்கு இருந்திருக்கும், மறுக்கவில்லை. அந்த ஃபைலை அம்மா இன்னும் வைத்திருக்கிறார். எல்லாச் சீட்டிலும் ஆஸ்துமா என்றோ பிராங்கைட்டிஸ் என்றோ இருக்கிறது. தொழில் என்ற இடத்தில் 'ஓய்வு' என்று எழுதியிருக்கிறது.