வான்குதிப்பு: இனமும் இடமும், சேலம்–நாமக்கல் சமவெளியும்

பறக்கும் விமானத்திலிருந்து குதித்து, பாரசூட்டின் துணையோடு தரையிறங்குவது வான்குதிப்பு. ஸ்கை டைவிங் என்று சொன்னால்தான் பலருக்கும் புரியும். படைத் தொழிலாக ஒரு கிளையும் விளையாட்டாக இன்னொரு கிளையுமாக இது வளர்ந்தது. இரண்டிலும் யார் குதிக்கலாம் என்ற முடிவு வானத்தில் எடுக்கப்பட்டதில்லை. ஆட்சேர்ப்பு முகாமின் மேசையில் எடுக்கப்பட்டது. பிற்காலத்தில் கட்டணம் வசூலிக்கும் மேசையில் எடுக்கப்பட்டது. சேலம்–நாமக்கல் சமவெளி இந்த இரு மேசைகளையும் பார்த்திருக்கிறது. வீரம் இல்லாதவர்கள் என்று ஆங்கிலேயத் தளபதிகள் ஒதுக்கிய மதராஸ் மாகாணத்தைச் சேர்ந்தது இந்த நிலம். 2010களின் தொடக்கத்தில் காமலாபுரம் விமான நிலையத்தில் குதிப்பு முகாம்கள் நடந்ததும் இங்கேதான்.

பலூன் காலம்

இந்தியாவில் பாரசூட் முதலில் வந்தது வேடிக்கைக் காட்சியாக. 1889இல் பெர்சிவல் ஸ்பென்சர் என்ற ஆங்கிலேயர் கல்கத்தாவில் பலூனில் ஏறிப் பாரசூட்டில் இறங்கிக் காட்டினார். அவரிடம் தொழில் கற்ற ராம்சந்திர சட்டர்ஜி அதே ஆண்டு தனியாகப் பலூனில் பறந்தார். 1890இல் பாரசூட்டில் குதித்தார். இந்தியர்களில் முதலில் குதித்தவர் அவர்தான். சர்க்கஸில் உடற்பயிற்சி வித்தைகள் செய்து பழகிய உடல் அவருடையது. வெள்ளையர் செய்யும் வித்தையை வங்காளி ஒருவர் செய்துகாட்டியது அன்று கல்கத்தாவில் பெரும் பேச்சாக இருந்தது. அமெரிக்காவில் இதே வேலையைச் சில பத்தாண்டுகளுக்குப் பின்னர் செய்தவர் டிரினிடாடில் பிறந்த ஹியூபர்ட் ஜூலியன். 1923இல் நியூயார்க்கின் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் பகுதியின் மேல் அவர் குதித்தார். கூட்டம் சேர்ப்பதிலும் விளம்பரத்திலும் கெட்டிக்காரர். ஆனால் அவர் குதித்த தெருவில் கூடியவர்களுக்கு அது வெறும் விளம்பரமாகத் தோன்றியிருக்காது.

‘வீர இனம்’ என்ற வேலி

பாரசூட் படைக்கருவி ஆனபோது கணக்கு மாறியது. அதற்கு முன்பே இந்தியப் படையில் யாரைச் சேர்ப்பது என்பதற்கு ஒரு கொள்கை வேரூன்றியிருந்தது. பஞ்சாபியர், பட்டாணியர், கூர்க்கர், டோக்ராக்கள் போன்றோர் பிறவியிலேயே போர்க்குணம் உடையவர்கள். வெப்பமான தெற்கின் சமவெளி மக்கள் அப்படியல்ல என்றது அந்தக் கொள்கை. இதை வலுவாகப் பரப்பிய ஃபிரெடரிக் ராபர்ட்ஸ் 1881 முதல் 1885 வரை மதராஸ் படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர். பிறகு இந்தியா முழுமைக்கும் தளபதியானார். தாம் தலைமை தாங்கிய படையையே அவர் தரம் தாழ்த்தி மதிப்பிட்டார்.

அந்த மதராஸ் படையைத் தவிர்த்துவிட்டுச் சேலத்தின் வரலாற்றைச் சொல்ல முடியாது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து சேலம் பக்கத்துப் பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்தபோது, அதை நிர்வகிக்க வந்த அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் மதராஸ் படை அதிகாரிகள்தாம். தென்னிந்தியச் சிப்பாய்களை வைத்துத் தெற்கைப் பிடித்தவர்கள், நூறாண்டு கழித்து அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் போர் தெரியாது என்றார்கள். மதராஸ் காலாட்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன; சிலவற்றில் தமிழர், தெலுங்கர் இடத்தில் வடக்கத்தியர் நிரப்பப்பட்டனர். 1928க்குள் மூன்றாம் மதராஸ் ரெஜிமென்ட் முற்றிலும் கலைக்கப்பட்டது. பெங்களூரைத் தளமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் மட்டும் தப்பியது. பாலம் கட்டவும் பாதை போடவும் தென்னவர் வேண்டும், துப்பாக்கி பிடிக்க வேண்டாம் என்பதுதான் அதன் பொருள். இரண்டாம் உலகப்போரில் ஆள் பற்றாக்குறை வந்த பிறகே மதராஸ் ரெஜிமென்ட் மறுபடி எழுப்பப்பட்டது.

1941 அக்டோபரில் 50ஆம் பாரசூட் பிரிகேடு டெல்லியில் உருவானபோது இந்த வகைப்பாடு அப்படியே அதற்குள் போனது. 151 பிரிட்டிஷ் பட்டாலியன், 152 இந்தியப் பட்டாலியன், 153 கூர்க்கா பட்டாலியன் என்று இனவாரியாகவே அதன் அமைப்பு. ஓமலூரிலோ ராசிபுரத்திலோ இருந்த ஓர் உழவர் வீட்டுப் பையன் அதற்குள் நுழையும் வழி கிட்டத்தட்ட இல்லை.

மருத்துவர் நுழைந்த கதவு

ஆனாலும் இந்தியப் படையில் முதலில் பாரசூட்டில் குதித்த இந்தியர் இருவரில் ஒருவர் தமிழர். 152 இந்தியப் பட்டாலியனின் மருத்துவ அதிகாரி லெப்டினன்ட் ஏ.ஜி. ரங்கராஜ், பெயரின் முதல் எழுத்து ஆற்காட்டைக் குறிப்பது. 1941இல் அவரோடு குதித்தவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங். மதுரா சிங்கைக் கொள்கை அனுமதித்தது. ரங்கராஜை மருத்துவப் பட்டம் அனுமதித்தது. படைக்கு டாக்டர் தேவை. டாக்டர்கள் இருந்தது மதராஸிலும் வங்காளத்திலும். காயம்பட்டவன் குதித்த இடத்தில்தான் வைத்தியனும் குதிக்க வேண்டும் என்ற எளிய நடைமுறைத் தேவை, அரை நூற்றாண்டுக் கொள்கையில் ஓரிடத்தில் ஓட்டை போட்டது. இது தற்செயல் என்று தள்ள முடியாது. 1959இல் பாரசூட்டில் குதித்த முதல் இந்தியப் பெண் கீதா சந்தாவும் விமானப்படை மருத்துவர்தான். இனத்தின் பேரால் மூடிய கதவும் பாலினத்தின் பேரால் மூடிய கதவும் ஒரே சாவியில் திறந்திருக்கின்றன.

1950 நவம்பரில் லெப்டினன்ட் கர்னல் ரங்கராஜ் தலைமையில் 60ஆம் பாரசூட் கள மருத்துவப் பிரிவு போர் நடந்துகொண்டிருந்த கொரியாவுக்குச் சென்றது. நேரு அரசு போரிடும் படை அனுப்ப மறுத்து, மருத்துவர்களை மட்டும் அனுப்பியிருந்தது. போய்ச் சேர்ந்த சில வாரங்களிலேயே சீனப்படை இறங்கியதால் பியோங்யாங்கிலிருந்து பின்வாங்க வேண்டிவந்தது. மருத்துவக் கருவிகளை விட்டுவிட்டுக் கிளம்பச் சொன்னார்கள். பிரிவினர் கேட்கவில்லை. கைவிடப்பட்டுக் கிடந்த நீராவி எஞ்சின் ஒன்றைக் கண்டுபிடித்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, ரயிலோட்டத் தெரிந்தவர்களை வைத்து ஓட்டி, பாலம் தகர்க்கப்படுமுன் கருவிகளோடு ஆற்றைக் கடந்தார்கள்.

1951 மார்ச் 23 அன்று முன்சான்–னியில் அமெரிக்காவின் 187ஆம் வான்வழிப் படைப்பிரிவு ஏறத்தாழ மூவாயிரத்து ஐந்நூறு பேரோடு குதித்தது. ரங்கராஜும் அவருடைய பிரிவினர் சிலரும் அவர்களோடு குதித்தார்கள். அவருக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. பிற்காலத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் பெரியம்மை ஒழிப்புப் பணியிலும் அவர் இருந்தார்.

அதே வானத்தில் இன்னொரு கூட்டம்

முன்சான்–னியில் அன்று குதித்தவர்களுள் இரண்டாம் ரேஞ்சர் கம்பெனியும் ஒன்று. அதன் வீரர்கள் அனைவரும் கறுப்பினத்தவர். வெள்ளையரையும் கறுப்பரையும் பிரித்து வைக்கும் வழக்கத்தை முடிக்கும் ஆணையில் அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்டது 1948 ஜூலையில். ஏறத்தாழ மூன்றாண்டு கழித்தும் தனிக் கம்பெனி தனிக் கம்பெனியாகவே இருந்தது. ‘வீர இனம் அல்லாத’ மாகாணத்து மருத்துவரும், ‘போருக்கு ஆகாதவர்’ எனப்பட்ட இனத்தின் வீரர்களும் ஒரே நாளில் ஒரே களத்தில் இறங்கியதைப் போர் வரலாறுகள் தனித்தனிப் பக்கங்களில் எழுதுகின்றன. சேர்த்து வாசிக்க வேண்டிய செய்தி இது.

அந்த ரேஞ்சர்களுக்கு முன்னோடி 555ஆம் பாரசூட் காலாட்படை. ஜார்ஜியாவின் ஃபோர்ட் பென்னிங் பயிற்சிப் பள்ளியில் வால்டர் மோரிஸ் என்ற சார்ஜென்ட் கறுப்பினக் காவல் பிரிவு ஒன்றின் பொறுப்பில் இருந்தார். வெள்ளை வீரர்கள் பயிற்சி முடித்துக் களத்தை விட்டுப் போனதும், தம் ஆட்களை அதே களத்தில் இறக்கி, பகலில் பார்த்த பயிற்சியைச் செய்ய வைத்தார். யாரும் உத்தரவிடவில்லை. பள்ளியின் தளபதி இதைக் கண்டார். 1944 தொடக்கத்தில் முதல் கறுப்பினப் பாரசூட் வீரர்கள் அங்கே தேர்ச்சி பெற்றார்கள். ஆனால் ஐரோப்பியக் களத்துக்கு அவர்களை அனுப்பவில்லை. 1945இல் அமெரிக்காவின் மேற்குக் காடுகளில் தீயணைக்கவும் ஜப்பானிய பலூன் குண்டுகளை அகற்றவும் குதித்தார்கள்.

விளையாட்டுக் கிளையில் வேலி எழுத்தில் இல்லை. செலவில் இருந்தது, குதிதளங்கள் ஊருக்கு வெகு தொலைவில் இருந்ததில் இருந்தது, அங்கே போய் நின்றால் தன்னைப் போல இன்னொருவர் இல்லாததில் இருந்தது. 2014இல் அமெரிக்கக் கறுப்பின வான்குதிப்பாளர்கள் டீம் பிளாக்ஸ்டார் என்ற குழுவைத் தொடங்கியது இந்தத் தனிமைக்காகத்தான். அதன் நிறுவனர்களில் ஒருவர் முன்னாள் படைவீராங்கனையான டானியெல் வில்லியம்ஸ். படையே மீண்டும் கதவாக இருந்ததைக் கவனிக்கலாம். பிறர் செலவில் குதிக்கக் கற்றுக்கொள்ளும் இடம் பெரும்பாலும் அது ஒன்றுதான்.

சுதந்திரத்துக்குப் பின்

பிரிவினையில் சக்லாலாவில் இருந்த பயிற்சிப் பள்ளி பாகிஸ்தானுக்குப் போனதால், இந்தியப் பாரசூட் பயிற்சி ஆக்ராவில் வேர்விட்டது. 1952 ஏப்ரலில் பாரசூட் ரெஜிமென்ட் உருவானபோது அதன் முதல் மூன்று பட்டாலியன்கள் பஞ்சாப், மராத்தா, குமாவோன் ரெஜிமென்ட்களிலிருந்து வந்தவை; பழைய வகைப்பாட்டின் தடம் அதில் இருந்தது. பின்னாளில் பல பகுதியினரும் சேரும் கலப்புப் படையாக அது விரிந்தது.

விளையாட்டாகக் குதித்தவர்கள் வெகு சிலர். ரயில்வே ஊழியரான ரேச்சல் தாமஸ் 1979இல் ஆக்ராவில் முதன்முதலாகக் குதித்து, 2002இல் வடதுருவத்தில் குதித்தார். புனேயைச் சேர்ந்த ஷீத்தல் மகாஜன் 2004 ஏப்ரலில் தம் முதல் குதிப்பையே வடதுருவத்தில் செய்தார். 2018இல் தாய்லாந்தில் ஒன்பது கஜப் புடவையில் குதித்தார்.  இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. மகாஜன் குதிப்புக்கான பணத்தைப் புரவலர்களிடம் கேட்டு அலைந்தவர்.

காமலாபுரம்

சேலத்திலிருந்து ஓமலூர் வழியில், சேர்வராயன் மலைக்கு மேற்கே இருக்கும் காமலாபுரம் விமான நிலையம் 1993இல் திறக்கப்பட்டது. 6,000 அடி ஓடுபாதை. என்.இ.பி.சி. விமானம் சில காலம் வந்து நின்றது. 2009இல் கிங்ஃபிஷர் தொடங்கிய சேவையும் நீடிக்கவில்லை. 2018 மார்ச்சில் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் வரும்வரை பல ஆண்டுகள் பயணிகள் விமானமே இல்லை. வான்குதிப்புக்கு வேண்டியதும் இதுதான்: தரமான ஓடுபாதை, யாரும் பயன்படுத்தாத வானம், சுற்றிலும் வெட்டவெளி. பெங்களூரிலிருந்து நெடுஞ்சாலையில் சுமார் 200 கிலோமீட்டர். வெள்ளி இரவு கிளம்பியவர் சனி காலையில் குதிக்க முடிந்தது.

வெட்டவெளி என்பது மேலிருந்து பார்ப்பவர் சொல்வது. கீழே இருப்பது மரவள்ளியும் நிலக்கடலையும் தென்னந்தோப்பும். கைப்பிடிச் சுவர் இல்லாத பாசனக் கிணறுகள் இந்தச் சமவெளி எங்கும் உண்டு. மேட்டூர் பக்கமிருந்து வரும் உயரழுத்த மின்கம்பிகளும் உண்டு. காற்று சற்று இழுத்துவிட்டால் புதியவருக்கு இவை எல்லாமே ஆபத்து. அதனால் இங்கே குதிப்பு, காற்று அடங்கிய குளிர்கால, முன்வெயில்கால அதிகாலைகளில்தான் பொருந்தும்.

முகாம்களில் தொடக்கக்காரர்களுக்கு இரு வழிகள். பயிற்றுநரின் உடலோடு பிணைத்துக்கொண்டு குதிப்பது ஒன்று. தனியாகக் குதிப்பது மற்றொன்று. இதில் விமானத்தோடு கட்டிய கயிறே பாரசூட்டை இழுத்து விரிக்கும். முதலாவதில் பயணிக்கு வேலை குறைவு, கட்டணம் அதிகம். இரண்டாவதில் கட்டணம் குறைவு. ஆனால் பிரதான பாரசூட் விரியாவிட்டால் சில நொடிகளுக்குள் மாற்றுப் பாரசூட்டை இழுக்க வேண்டிய பொறுப்பு, ஓரிரு நாள் பயிற்சி பெற்றவர் கையில். எது மலிவோ அதில் பிழைக்கு இடம் குறைவு என்பது இந்த விளையாட்டின் கசப்பான ஏற்பாடு. எந்த வழியானாலும் கட்டணம் ஆயிரங்களில். திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டிக்காரர்களும் நாமக்கல் கோழிப்பண்ணையாளர்களும் கொடுக்க முடியாத தொகை அல்ல. அவர்களிடம் கூலிக்கு நிற்பவர்களுக்கு அது மாதச் சம்பளம்.

2014இல் காமலாபுரத்தில் பாரசூட் விரியாமல் ஓர் இளம்பெண் இறந்தார்; கணவரோடு பெங்களூரிலிருந்து வந்தவர். காவல்துறை வழக்குப் பதிந்தது. சாகச விளையாட்டை யார் கண்காணிப்பது, பயிற்றுநரின் தகுதியை யார் சோதிப்பது என்ற கேள்விகள் எழுந்தன. ஒன்றிய அரசின் தேசிய வான் விளையாட்டுக் கொள்கை வெளிவந்தது 2022 ஜூனில், எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு.

உள்ளூர்க்காரருக்கும் அந்த வானத்துக்கும் இருந்த உறவு வேறு. விமான நிலைய விரிவாக்கத்துக்காகக் காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி ஊர்களில் 500 ஏக்கருக்கு மேல் நிலம் கேட்கப்பட்டபோது, 2018இல் விவசாயிகள் போராடினார்கள். ஓடுபாதை அவர்களுக்குப் பறிபோகும் பட்டா. வான்குதிப்பு பற்றிய எழுத்துகளில் ‘சேலம் ஓர் அழகிய இறங்குதளம்’ என்று வரும்போது, இறங்குவது யாருடைய காட்டில் என்பது வருவதில்லை.

2023 அக்டோபரில் பயணிகள் விமானங்கள் திரும்பி வந்ததால், வெறிச்சோடிய வானம் என்ற வசதி காமலாபுரத்துக்கு இப்போது இல்லை. கட்டணம் கட்டிக் குதிக்க விரும்பும் இந்தியர்கள் இன்று பெரும்பாலும் ஹரியானாவின் நார்னோலுக்குப் போகிறார்கள். சேலம், நாமக்கல் இளைஞருக்குக் காசில்லாத வழி ஒன்று இருக்கிறது: கோவை ராணுவ ஆட்சேர்ப்பு அலுவலகம், பாரசூட் ரெஜிமென்ட்டின் கடுமையான தகுதிகாண் பருவம், அதன்பின் ஆக்ரா. அங்கே ஐந்து முறை குதிக்க வேண்டும். அதில் ஒன்று இரவில்.