கப்பற்கட்டணமும் கடனும்: விருதுநகர் வட்டாரத்தின் இலங்கைப் பயணச் செலவு

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட கடல் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். இத்தொலைவையும் கப்பற்கட்டணத்தையும் மட்டும் கொண்டு இலங்கைப் பயணத்தின் செலவை மதிப்பிடுதல் எளிது, ஆனால் பொருந்தாது. பயணத்தின் செலவை யார் கொடுத்தார், யார் பெயரில் அது எழுதப்பட்டது என்பதே இக்கட்டுரையின் வினா.

அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தின் வானம் பார்த்த கரிசல் ஊர்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. மதுரை–தூத்துக்குடி இருப்புப்பாதை 1876இல் அமைந்தபின், விருதுபட்டியில் (1923 முதல் விருதுநகர்) தொடர்வண்டி ஏறித் தூத்துக்குடியில் கொழும்புக் கப்பலைப் பிடிக்க முடிந்தது. 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் நீராவிக் கப்பலும் வந்தன. கடல்வழி சுருங்கியது, எனினும் விருதுநகர்ப் பயணி வடக்கே மதுரைவரை சென்று மானாமதுரை வழியாகத் திரும்ப வேண்டியிருந்தது. அருப்புக்கோட்டை வழியே மானாமதுரைக்கு நேர்ப்பாதை 1960களின் முற்பகுதியில்தான் கிடைத்தது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியே அழிந்தது. சிவகாசிக்கோ 1927 வரை இருப்புப்பாதையே இல்லை.

வணிகர் தம் பணத்தில் சென்றனர். தேயிலைத் தோட்டத்திற்குச் சென்ற கூலியாளின் நிலை வேறு. 1901இல் தோட்டத்தின் அடையாள எண் பொறித்த தகரச் சீட்டு நடைமுறைக்கு வந்தது. அதை அணிந்தவர் வழியில் காசு கொடுக்க வேண்டியதில்லை; செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். அங்கிருந்து கங்காணியின் கணக்குக்கும், கங்காணியிடமிருந்து கூலியாளின் தலைக்கும் அது இறங்கியது. பெயரளவில் இலவசமான இப்பயணம் நடைமுறையில் முதற்கடன் ஆயிற்று. தோட்டம் மாற விரும்பியவரின் கடன்தொகையைக் குறித்த ‘துண்டு’ கைமாறியது. புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தி ஆளை எடுத்துக்கொண்டது. துண்டுமுறை 1921இல் ஒழிந்தது. 1923 முதல் ஆள்சேர்ப்புச் செலவைத் தோட்ட முதலாளிகளிடம் திரட்டிய பொதுநிதி ஏற்றது. மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காகக் கழித்த நாள்களும் செலவே. எந்தக் கட்டணப் பட்டியலிலும் அவை இடம்பெறா.

அதே 1923ஆம் ஆண்டளவில், கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் அத்தொழிலைத் தொடங்கினர். பட்டாசுத் தொழில் அதைத் தொடர்ந்தது. இவ்விரண்டையும் காரண காரியமாக இணைப்பதற்கில்லை. கடல் கடக்காமலே கூலி பெறும் வழி ஒன்று இவ்வட்டாரத்தில் உருவானது என்று மட்டும் கூறலாம். 1939இல் இந்திய அரசு பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கை செல்வதைத் தடைசெய்தபோது இவ்வேறுபாட்டின் எடை கூடியது.

2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினம்–காங்கேசன்துறைப் பயணிகள் கப்பல் தொடங்கியது. முதல்நாள் சலுகைக் கட்டணம் 2,800 ரூபாய். அப்போதைய வழக்கமான கட்டணம் வரியுடன் 7,670 ரூபாயாக இருந்தது. சில நாள்களிலேயே நிறுத்தப்பட்ட சேவை 2024 ஆகஸ்டில் மீண்டது. சிவகாசியிலிருந்து நாகப்பட்டினம் செல்லும் பேருந்துக் கட்டணமும், கடவுச்சீட்டுக்கான செலவும், எண்ணிக்கைக் கூலிக்கு வெடி சுற்றுபவர் வேலைக்குப் போகாத நாள்களில் இழக்கும் வருவாயும் இத்தொகைக்குப் புறம்பானவை.