நெடுஞ்சாலையும் கால்வாயும்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஜாக்சன் மாவட்டத்து ஈரப் புல்வெளிதான் மிசிசிப்பி சாண்ட்ஹில் கொக்குக்கு எஞ்சிய ஒரே வீடு. 1970களில் அங்கே மிஞ்சியிருந்தவை ஏறக்குறைய 40 பறவைகள். அந்தப் புல்வெளியின் ஊடாகத்தான் ஐ-10 நெடுஞ்சாலையைப் போடத் திட்டமிட்டார்கள். இயற்கை ஆர்வலர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1976இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது.

அந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. சாலை விழுங்கும் நிலத்தோடு நீதிபதிகள் நின்றுவிடவில்லை. வண்டிகள் இறங்கி ஏற ஒரு சந்திப்பு அமைந்தால் கடைகளும் குடியிருப்புகளும் பின்னாலேயே வந்துவிடும், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றார்கள். பிறகு நெடுஞ்சாலை வந்தது. கொக்குகளுக்கென்று சுமார் 2,000 ஏக்கரும் வாங்கப்பட்டது.

ஆந்திரத்தின் கடப்பை மாவட்டத்துக் கதையில் சாலைக்குப் பதில் கால்வாய். கலிவி கோடி என்று அவ்வூரார் அழைக்கும் ஜெர்டான் கல்குருவி 1900க்குப் பின் கண்ணில் படவேயில்லை. அழிந்தே போனது என்று நினைத்திருந்தபோது, 1986இல் அவ்வூர் வேட்டைக்காரர் ஒருவர் இரவில் விளக்கொளியில் அதைப் பிடித்தார். பின்னர் ஸ்ரீலங்காமல்லேஸ்வரா சரணாலயம் உருவானது. 2005இல் தெலுங்கு கங்கைத் திட்டத்துக்காக மண் தோண்டும் எந்திரங்கள் புதர்க்காட்டுக்குள் புகுந்தன. புகார் உச்ச நீதிமன்றத்தின் மத்திய அதிகாரக் குழு வரை போய், கால்வாயின் தடம் மாறியது. சென்னைக்குக் கிருஷ்ணா நீர் தரும் அதே திட்டம்தான். நம் குழாய்த் தண்ணீருக்கும் இதில் பங்கு உண்டு.

இரண்டு இடத்திலும் வழக்காடியவர்களுக்குத்தான் வெற்றி. ஆனாலும் கொக்கின் பக்கம் நின்றவர்களுக்கு வேலை சுலபம் என்பேன். ஆளின் இடுப்புக்கு மேல் உயர்ந்து நிற்கும் அந்தப் பறவையைப் பகலிலேயே எண்ணிவிடலாம். கல்குருவியோ இரவாடி. அது இருக்கிறது என்று காட்டவே ப. ஜெகநாதன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் தரையில் மண்ணைப் பரப்பிவைத்து, விடிந்ததும் கால்தடம் தேட வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட சாட்சியைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பந்தக்காரரின் எந்திரத்தை நிறுத்துவது லேசான காரியமா? போதாக்குறைக்குப் புதர்க்காடு என்றாலே நம் அதிகாரிகளுக்குத் தரிசு நிலம்.

தடம் மாறினாலும் கால்வாய்த் தண்ணீர் வரத்தான் செய்யும். தண்ணீர் வந்தால் புதரை வெட்டிவிட்டு வயலும் தோப்பும் போடுவார்கள். மிசிசிப்பி நீதிபதிகள் சந்திப்பைப் பார்த்து அஞ்சியது இதே வகை வரவுக்குத்தான்.

நிலத்தை மீட்டு வேலி போட்டுவிட்டால் முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. கொக்குக்குத் திறந்த புல்வெளி வேண்டும். மரம் அடர்ந்துவிடாதபடி சரணாலயத்தாரே அவ்வப்போது தீ வைக்கிறார்கள். வளர்ப்புக் கொக்குகளையும் 1981 முதல் அங்கே விடுகிறார்கள். எண்ணிக்கை இன்று நூறைத் தாண்டிவிட்டது. கல்குருவிக்கும் புதர் அடர்ந்தால் ஆகாது, மொட்டையாகப் போனாலும் ஆகாது. அளவான மேய்ச்சலும் விறகு வெட்டும்தான் அந்தப் பதத்தைக் காத்துவந்தன. மாடுகளை ஒரேயடியாக வெளியேற்றினால் அதற்கு நன்மையா கெடுதலா என்பதை வனத்துறை யோசித்தே ஆக வேண்டும்.