கூட்டாண்மையில் இலாபப் பங்கீடு (இந்தியா)

கூட்டாண்மை நிறுவனத்தின் இலாபத்தைப் பங்காளிகள் பிரித்துக்கொள்ளும் முறையை 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் வரையறுக்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், போட்ட முதல் எவ்வளவாயினும் இலாபமும் நட்டமும் எல்லோருக்கும் சமம். கடை திறந்தது முதல் அடைக்கும்வரை ஒருவரே கல்லாவில் உட்கார்ந்தாலும் அதற்கெனத் தனிச் சம்பளம் கேட்க முடியாது (பிரிவு 13). பிணக்குகள் பெரும்பாலும் இங்கேதான் முளைக்கின்றன. அதனால் உழைக்கும் பங்காளிக்கு மாதச் சம்பளம், முதலுக்கு வட்டி, மீதியில் இன்ன விகிதம் என்று பத்திரத்தில் எழுதிக்கொள்வது வழக்கம். முதலுக்கான வட்டியை இலாபத்திலிருந்து மட்டுமே எடுக்கலாம்; முதலுக்கு மேல் கைமாற்றாகத் தந்த பணத்துக்கு ஆண்டுக்கு 6 விழுக்காடு உண்டு.

ஊழியருக்கு இலாபத்தில் ஒரு பங்கு கொடுப்பதாலேயே அவர் பங்காளியாகிவிடமாட்டார் (பிரிவு 6). தீபாவளி போனஸ் இதிலிருந்து வேறானது. 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் அதைச் சம்பளத்தில் 8.33 முதல் 20 விழுக்காடு வரை என வகுத்தது.